பந்தலுக்கடியில் வளர்ந்த தலை

பெண் பிள்ளை தலை நிமிர்ந்து நடக்க வேண்டும் என்று மேடையில் பேசுகிறவர்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அவர்களில் ஒருவர்கூட காய்ப்புக் காலத்தில் திராட்சைப் பந்தலுக்குள் நடந்ததில்லை என்று சத்தியம் செய்வேன். நான் நடந்திருக்கிறேன். நடந்ததோடு நிற்காமல் அதற்கடியிலேயே கால்பந்தும் ஆடியிருக்கிறேன். வினையே அதுதான்.

கம்பத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு சின்னத் திராட்சைத் தோட்டம். பள்ளி மைதானத்தைப் பையன்கள் கிரிக்கெட்டுக்குப் பட்டா போட்டு வைத்திருந்ததால், நானும் தங்கச்சி செல்வியும் பந்தலுக்கடியில்தான் ஆடுவோம். (வெயில் இல்லை, வேடிக்கை பார்க்க ஆளில்லை. சர்வதேசத் தரம்!) இரண்டு கல்தூண்தான் கோல். ஒரே ஒரு சட்டம்: பந்து முழங்காலுக்கு மேல் எழும்பக் கூடாது. எழும்பிக் குலையில் பட்டால் அப்பாவின் குரல் வாய்க்கால் தாண்டி வரும்.

"ஏ புள்ளைகளா! ஒரு குல விழுந்துச்சு, காலை ஒடிச்சு அடுப்புல வச்சுருவேன்!"

தப்பித் தவறிப் பந்து எழும்பினால் இரண்டு பேரும் தலையைப் பொத்திக்கொண்டு குனிந்துவிடுவோம். மேலே கம்பி, பக்கத்தில் அப்பா, வேறு வழி? பத்து வருஷம் இப்படிப் பழகியாயிற்று. பள்ளி அணியிலும் பந்தைத் தரையிலேயே ஓட்டிக் காலத்தைத் தள்ளிவிட்டேன். தலையால் பந்தை முட்டலாம் என்பது எனக்குத் தெரியும். என் கழுத்துக்குத்தான் தெரியாது.

பன்னிரண்டாவது முடித்ததும் மதுரையில் ஒரு தொழில்முறை கிளப் பெண்கள் அணிக்கு ஆள் எடுத்தார்கள். அம்மா கறாராகச் சொல்லிவிட்டாள்: எடுத்தால் கால்பந்து, இல்லாவிட்டால் மறுவாரமே நர்சிங் கல்லூரி. நாலு பேருமாக மதுரைக்குக் கிளம்பிய அன்றைக்கே அந்தக் கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பி, போட்டோ ஒட்டி, என் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டுக் கைப்பையில் வைத்தே கொண்டுவந்திருந்தாள். (பெத்தவளுக்கு என் மேல் அவ்வளவு நம்பிக்கை.) அப்பா பங்குக்கு, கோச் மேடத்துக்கு ஒரு பெட்டி பன்னீர் திராட்சை. லஞ்சம் இல்லையாம், மரியாதையாம்.

எங்களை இரண்டு அணியாகப் பிரித்து ஆடவிட்டார்கள். நான் ஃபார்வர்டு. இரண்டாம் பாதியில், வலது ஓரத்திலிருந்து ஒரு கேரளத்துப் பெண் பந்தைத் தூக்கிப் போட்டாள். கோல்கீப்பர் வழுக்கி விழுந்து கிடக்கிறாள். திறந்த கோல். பந்து என் நெற்றிக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி வருகிறது.

நான் குனிந்தேன்.

லேசாகக்கூட இல்லை. இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு குத்தவைத்தே விட்டேன். பந்து என்னைத் தாண்டி நிம்மதியாக வெளியே போனது. மைதானமே சிரித்தது. கேரளத்துப் பெண், "எந்தா மோளே, இடி வெட்டியோ?" என்று இடி இடித்ததோ என வானத்தைப் பார்த்தாள்.

"வெளிய வாம்மா. பயந்தாங்கொள்ளி ஃபார்வர்டு எனக்கு வேண்டாம்" என்றார் கோச் மேடம்.

அழுதிருக்க வேண்டும். எனக்கு வந்ததோ கோபம். அம்மாவின் கைப்பை கண்ணில் பட்டதும் அது இரண்டு மடங்காயிற்று. விறுவிறுவென்று போய் மேடத்தின் முன்னால் நின்றேன்.

"பயமில்ல மேடம், பழக்கம். எங்க தோட்டத்துல பந்து எந்திரிச்சா குல விழுந்துரும். தரையில ஒரு பந்து குடுங்க. எத்தன பேர வேணும்னாலும் நிப்பாட்டுங்க. கோல் விழலைன்னா நானே போயிர்றேன்."

மேடம் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நாலு பேரை நிறுத்தினார். எனக்கு நாலும் கல்தூணாகத் தெரிந்தது. கல்தூணுக்கிடையே ஓட எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கடைசியாக நின்றவள் சட்டையைப் பிடித்து இழுத்ததில் குப்புற விழுந்து மண்ணைத் தின்றேன். நிமிர்ந்து பார்த்தால் பந்து வலைக்குள் கிடந்தது.

மேடம் ஒரு திராட்சையை வாயில் போட்டுக்கொண்டார். (பெட்டியை அதற்குள் பிரித்தாயிற்று!) "எடுத்துக்கறேன். தினமும் நூறு தடவை தலையால முட்டணும். ஒரு தடவை குனிஞ்சாலும் மறுபடி ஒண்ணுலேருந்து."

திரும்பும் பஸ்ஸில் அம்மா அந்த விண்ணப்பத்தைக் கிழித்து அதில் முறுக்கு வைத்துக் கொடுத்தாள். அப்பாவுக்குத்தான் மனசு ஆறவில்லை.

"எடுத்துட்டாக, சரி. ஆனா அங்கன ஏன் ஆத்தா குனிஞ்ச? அத்தன பேரு பாக்க மானமே போச்சு."

செல்வி செல்போனை நீட்டினாள். மைதானத்தில் அப்பாவுக்குப் பின்வரிசையில் உட்கார்ந்து அவள் எடுத்த வீடியோ. தூரத்தில் நான் குத்தவைக்கிறேன். முன்னால், அதே நொடியில், அப்பாவும் தலையைப் பொத்திக்கொண்டு குனிகிறார்!

"நீங்க ஏன்ப்பா குனிஞ்சீக?" என்றாள் செல்வி.

அப்பா ஒரு முறுக்கை எடுத்து அவள் வாயில் திணித்தார்.

வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. "குனிஞ்ச தல நிமிராத புள்ள" என்று கடைவீதியில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். நான் குனிந்தது பந்துக்கு. அவர்களுக்குக் குனிய எனக்கு எந்தப் பந்தலும் சொல்லித் தரவில்லை. ஒண்ணிலிருந்து எண்ணி எண்ணி நெற்றி கன்றிப்போனது. அதே கிளப்பில் இன்றைக்கும் நான்தான் ஃபார்வர்டு.

இந்த சீசனில்தான் தலையால் முதல் கோல் அடித்தேன். ஆட்டம் முடிந்ததும் வீட்டுக்குப் போன் போட்டேன். அம்மாதான் எடுத்தாள்.

"பாத்தோம், பாத்தோம். பந்தலுக்கடியில நின்னு போன்ல பாத்துக்கிட்டிருந்த உங்கப்பாரு, குனியணும்ங்கிறதையே மறந்துட்டு ஒரே குதியா குதிச்சுட்டாக. மண்டையில கம்பி இடிச்சு இந்தா தண்டி வீக்கம். அது கெடக்கட்டும், ரெண்டு குல விழுந்துருச்சு. இப்ப யாரு காலை ஒடிச்சு அடுப்புல வைக்கணும்னு நீயே சொல்லு ஆத்தா!"