வால்ட்டரின் துவக்கில் இறுகிப்போன ஸ்குரூ

யுத்தத்துக்குள் வளர்ந்து, யுத்தத்துக்குள் பள்ளிக்கூடம் போய், இருபத்தொரு வயதில் கனடாவில் வந்து இறங்கும்வரை நான் ஒரு துவக்கைக்கூட (துப்பாக்கிக்கு எங்கள் ஊர்ப் பெயர்) தொட்டதில்லை. அகதி விசாரணையில் அதிகாரி இதையே மூன்று விதமாகக் கேட்டார். மூன்று விதமாகவும் "இல்லை" என்றேன். மூன்றும் உண்மை. அந்தப் பெருமையை நான் தொலைத்தது நாற்பத்தாறாவது வயதில், அஜின்கோர்ட் என்ற புறநகரில், பக்கத்து வீட்டுக் கராஜில், மனைவியின் பாத்திரம் கழுவும் பிங்க் கையுறைகளை மாட்டிக்கொண்டு.

பக்கத்து வீட்டு வால்ட்டருக்கு அப்போது எண்பது வயது ஆகவிருந்தது. நாங்கள் குடிவந்த முதல் பனிக்காலத்தில், அள்ளிய ஸ்னோ முழுவதையும் நான் என் சொந்தக் காருக்குப் பின்னாலேயே மலையாகக் குவித்து வைத்தபோது, ஒரு சொல் சொல்லாமல் வந்து அதை அப்புறப்படுத்திவிட்டுப் போன மனிதர். மனைவி இறந்தபின் தனியாக இருந்தார். வீட்டை விற்றுவிட்டு முதியோர் குடியிருப்பு ஒன்றுக்குப் போகும் நேரத்தில்தான் அந்தத் துவக்கு வெளியே வந்தது.

பழைய ராணுவத் துவக்கு. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் மிஞ்சியவற்றைக் கடைகளில் மலிவாக விற்றார்களாம். மான் வேட்டைக்கென்று வால்ட்டரின் அப்பா அதிலொன்றை வாங்கியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வால்ட்டரின் அக்கா ஈடித் மாகாணத்தின் வடக்கிலிருந்து தம்பியின் பிறந்தநாளுக்கு வருகிறார். அவரை ஏற்றிவரும் மகனிடம் துவக்கு வைத்திருக்க லைசன்ஸ் இருக்கிறது, துவக்கை அவர் கொண்டுபோவதாக ஏற்பாடு.

"அதுக்கு முதல் ஒரு வேலை இருக்கு" என்றார் வால்ட்டர். (அவர் பேசியது சுத்தமான ஆங்கிலம். ஆனால் இந்தக் கதையை வீட்டில் பலமுறை சொல்லிச் சொல்லி, என் நினைவில் அவர் இப்போது யாழ்ப்பாணத் தமிழில்தான் கதைக்கிறார். அப்படியே விட்டுவிடுகிறேன்.)

துவக்கைத் தோளில் வைத்து அழுத்துகிற அடிப்பக்கத்தைக் காட்டினார். அங்கே ஓர் உலோகத் தகடு. மரமும் தகடும் தெரியாதபடி ஒரேயடியாகக் கறுப்புப் பெயின்ற். படகில் கொண்டு திரியும்போது துருப்பிடிக்கக்கூடாதென்று அப்பா பூசியதாம். தகட்டில் மேலே ஒரு ஸ்குரூ, கீழே ஒரு ஸ்குரூ.

"இந்தத் தகட்டுக்குப் பின்னாலை மரத்தைக் குடைஞ்சு ஒரு பொந்து இருக்கு. அதுக்குள்ளை ஒரு கடிதம் கிடக்கு" என்றார்.

"ஆரின்ரை கடிதம்?"

"இதை முதல் வைச்சிருந்த சிப்பாயின்ரை. வீட்டுக்கு எழுதி, அனுப்பக் கிடைக்கேல்லை. எனக்கு எட்டு வயசிலையிருந்து தெரியும். அந்தக் குடும்பத்திலை ஆரும் இருந்தால் தேடிக் குடுக்கவேணும். ஸ்குரூவை இப்பவே இளக்கி வைச்சிட்டு, அக்காவுக்கு முன்னாலை வைச்சுத் திறக்கவேணும்."

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் ஊர் நினைவுக்கு வந்தது. ஒரு கடிதம் வராதா என்று தபால்காரனின் சைக்கிள் மணிக்குக் காது கொடுத்த வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேராத கடிதம் என்றால் என்னால் சும்மா இருக்க முடியாது. அதோடு, மேலே இருந்த ஸ்குரூ சுலபமாக வந்துவிட்டது, கீழே இருப்பதுதான் அசைய மாட்டேன் என்கிறது என்று அவர் சொன்னபோது, என்னுடைய மற்றப் பலவீனமும் விழித்துக்கொண்டது.

"வால்ட்டர், நான் பதினைஞ்சு வருசமா ஃபாக்டரியிலை மெஷின் பூட்டிக் கழட்டுறவன். என்னட்டை மாட்டின ஸ்குரூ ஒண்டும் கழராமல் போனதில்லை."

(இது பொய். இரண்டு இருக்கின்றன. ஒன்று இன்னமும் அந்த மெஷினிலேயே இருக்கிறது.)

வீட்டுக்கு வந்து கையுறையை எடுத்தபோது மனைவி மாலதி பார்த்துவிட்டாள்.

"என்னத்துக்கு உது?"

"வால்ட்டரின்ரை துவக்கு ஒண்டு..."

"துவக்கோ? இஞ்சருங்கோ, உங்களுக்கு விசரே? துவக்குக்குப் பயந்து பத்தாயிரம் மைல் ஓடி வந்திட்டு, இப்ப வேலி தாண்டிப் போய்த் தொடப்போறியளோ?"

"சுடுற பகுதியைக் கழட்டி வேறை பெட்டியிலை பூட்டி வைச்சிருக்கிறார். இப்ப அது வெறும் தடி."

"தடியெண்டால் ஏன் கையுறை?"

நான் கையுறையைக் காற்சட்டைப் பைக்குள் திணித்தேன். உண்மையைச் சொன்னால், வெறும் கையால் தொட மனம் வரவில்லை. அந்த விசாரணை அதிகாரி எங்கோ நின்று பார்ப்பதுபோல் ஒரு கூச்சம்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் வேலை ஆரம்பமானது. லைசன்ஸ் உள்ளவர் பக்கத்தில் இருக்கவேண்டும் என்பதால் வால்ட்டர் ஒரு மடக்குக் கதிரையைப் போட்டு, தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்துகொண்டார். நான் துவக்கைப் பழைய துவாயில் சுற்றி மேசை இடுக்கியில் இறுக்கினேன். ஸ்குரூவின் தலையில் இருந்த வெட்டு மிக ஒடுக்கம். என் ஸ்குரூ டிரைவரின் முனை தடிப்பு. வீட்டுக்குப் போய்ப் பொருத்தமானதை எடுத்து வருபவன் புத்திசாலி. நான் இருந்ததை வைத்து அழுத்தித் திருகினேன். ஏதோ அசைந்தது. சந்தோசப்பட்டேன். அசைந்தது ஸ்குரூ அல்ல, அதன் தலையில் இருந்த வெட்டின் ஒரு பக்கம்.

"வந்திட்டுதோ?" என்றார் வால்ட்டர்.

"வருது."

துரு இளக்கும் எண்ணெய் அடித்தோம். ஒரு மணித்தியாலம் காத்திருந்தோம். பேணியில் எண்ணெய் முடிந்தது, ஸ்குரூ அப்படியே இருந்தது. வீட்டுக்கு ஓடிப்போய் மாலதிக்குத் தெரியாமல் நல்லெண்ணெய்ப் போத்தலை எடுத்து வந்தேன். (ஏன் நல்லெண்ணெய் என்று கேட்காதீர்கள். அந்த நேரத்தில் அது விஞ்ஞானமாகத் தோன்றியது.) அடுத்த நாள் காலை, சூடுபட்டால் இளகும் என்று, ஈயம் ஒட்டும் கோலைச் சூடாக்கி ஸ்குரூவின் தலையில் பிடித்தேன். நல்லெண்ணெய் புகைந்தது. இரண்டு உலகப்போர்களின் பெருமை பேசக்கூடிய அந்த ஆயுதத்திலிருந்து தோசைக்கடை வாசனை எழுந்து தெரு முழுக்கப் பரவியது.

வால்ட்டர் மூக்கை உயர்த்தி மணந்தார். "நல்லாத்தான் இருக்கு. எனக்குப் பசிக்குது."

மதியத்துக்குமேல் சுத்தியலால் தட்டினேன். மூன்றாவது அடியில் ஸ்குரூ டிரைவர் வழுக்கி, மரத்தில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கோடு போட்டது. எழுபது வருடம் அப்பாவின் பெயின்ற் காத்துவைத்த மரம். நான் வால்ட்டரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் எழுந்து வந்து அந்தக் கோட்டை விரலால் தடவினார்.

"பரவாயில்லை. துவக்கெண்டால் காயம் இருக்கத்தானே வேணும்" என்றார்.

அவர் ஏசியிருந்தால் நான் அங்கேயே நிறுத்தியிருப்பேன். அந்தப் பொறுமைதான் என்னை ட்ரில் வரை கொண்டுபோனது. ஸ்குரூவின் நடுவில் துளை போட்டு, உள்ளே எதிர்த்திசையில் பிடிக்கிற கருவி ஒன்றைச் செலுத்திச் சுற்றினால் எந்த ஸ்குரூவும் வந்துவிடும். இது தொழில் தெரிந்தவர்களின் வழி. நிதானமாகச் செய்தால் நிச்சயம் வரும். எனக்கோ வேர்வையில் கையுறைக்குள் விரல்கள் நீந்திக்கொண்டிருந்தன. துளை கால் அங்குலம் போயிருக்கும், 'டிங்' என்று ஒரு சின்னச் சத்தம். ட்ரில்லின் அலகு உடைந்து, ஸ்குரூவுக்குள் சிக்கிக்கொண்டது.

இதன் பொருளைத் தொழில் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அலகின் இரும்பு ஸ்குரூவைவிட உறுதியானது. இனி அதற்குள் வேறு எதுவும் துளை போடாது. அதுவரை கழற்றக் கடினமாக இருந்த ஸ்குரூ, என் உழைப்பால், கழற்றவே முடியாத ஸ்குரூவாகப் பதவி உயர்ந்தது.

"வால்ட்டர், ஐ ஆம் சொறி" என்றேன். அவருடைய கதிரைக்குப் பக்கத்தில், நிலத்திலேயே குந்திவிட்டேன்.

அவர் எழுந்துபோய் உடைந்த அலகைக் குனிந்து பார்த்தார். பிறகு, "கடிதத்துக்கு ஒண்டும் ஆகேல்லைத்தானே?" என்று மட்டும் கேட்டார். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிறு மதியம் ஈடித் வந்தார். எண்பத்தேழு வயது, கையில் ஊன்றுகோல், வாயில் கணீரென்ற குரல். மகன் காரிலிருந்து கேக்கை இறக்க, அவர் நேரே கராஜுக்குள் வந்தார். கடைசியாக ஒருமுறை முயன்று பார்க்கக் கையுறை மாட்டியிருந்த நானும் மாலதியும் அங்கே நின்றோம். (மாலதி நல்லெண்ணெய்ப் போத்தலைத் தேடி வந்தவள்.)

வால்ட்டர் நடந்ததை விளக்கினார். என்மேல் ஒரு குறையும் சொல்லவில்லை. "இவர் இரண்டு நாளாக் கஷ்டப்பட்டார், அக்கா. கழரேல்லை."

ஈடித் இடுக்கியில் இருந்த துவக்கைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். உடைந்த அலகைப் பார்த்தார். குனிந்து மணந்தும் பார்த்தார்.

"ஏன் ஸ்குரூவைக் கழட்டுறியள்?" என்றார்.

"தகட்டை எடுக்க."

"ஏன் தகட்டை எடுக்கவேணும்?"

கைப்பையிலிருந்து நகம் தேய்க்கும் சின்ன அரத்தை எடுத்தார். தகட்டின் நடுவில் நீளவட்டமாகப் பெயின்ற்றைச் சுரண்டினார். பித்தளை மின்னியது. பெருவிரலை வைத்து ஒரு ஓரத்தை அழுத்தினார். 'டிக்' என்று ஒரு சின்னக் கதவு திறந்துகொண்டது.

கதவு. துவக்கைத் துடைக்கும் சாமான்களைச் சிப்பாய்கள் வைப்பதற்கென்று, செய்தவனே வைத்த கதவு. ஸ்குரூவுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

மாலதி போத்தலை மறந்து எட்டிப் பார்த்தாள். ஈடித் விரலை உள்ளே விட்டு ஒரு பொட்டலத்தை இழுத்தார். வால்ட்டர் இரண்டு கைகளையும் நீட்டி வாங்கினார். மெழுகுத்தாளைப் பிரித்தால், உள்ளே நான்கு சிகரெட். காய்ந்து, தொட்டதும் தூளாகிப்போயின.

"என்ரைதான்" என்றார் ஈடித். "அப்பாவுக்கு ஒளிச்சு வைச்சனான். பிறகு நர்ஸ் படிக்கப் போயிட்டன். திரும்பி வந்தால் மனுசன் மேலாலை பெயின்ற் அடிச்சிட்டார்."

"அப்ப கடிதம்?"

"கடிதம் எண்டு உனக்குச் சொன்னது நான்தானே, வால்ட்டர். நீ கிண்டக்கூடாதெண்டு சொன்னது." ஈடித்தின் குரல் திடீரென்று தணிந்தது. "நீ ஒருக்காலும் திறந்து பாக்கேல்லையே?"

"நீ திறக்காதை எண்டு சொன்னனீ" என்றார் வால்ட்டர்.

ஈடித் ஊன்றுகோலை என்னிடம் தந்துவிட்டுத் தம்பியின் கன்னத்தைப் பிடித்தார். எட்டு வயதுப் பிள்ளையைப் பிடிப்பதுபோல. முதலில் சிரித்தது வால்ட்டர்தான். தோள் குலுங்கி, கண்ணில் நீர் வந்து, கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு எல்லோரும். நான் மட்டும், பிங்க் கையுறையில் ஊன்றுகோலை ஏந்தியபடி, சிரிக்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியாமல் நின்றேன்.

உடைந்த அலகோடு அந்தத் துவக்கு இப்போது வடக்கில் ஒரு பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கிறது. வால்ட்டர் முதியோர் குடியிருப்பில் இருக்கிறார். மாதத்தில் ஒருநாள் மாலதி சுட்ட தோசையோடு போவோம். ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் ஈடித்திடமிருந்து எனக்கு ஒரு வாழ்த்து அட்டை வருகிறது. உள்ளே ஒரே ஒரு வரி: "இந்த வருடம் எதையாவது திறந்தாயா?"

மாலதி அதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிடுவாள். வீட்டுக்கு வருகிறவர்கள் என்னவென்று கேட்பார்கள். அவள் தேத்தண்ணியை வைத்துவிட்டு, முதலிலிருந்து, கையுறையிலிருந்து தொடங்குவாள். அன்று உண்மையில் உடைந்தது ஒரே ஓர் அலகு. போன தைப்பொங்கலுக்கு வந்தவர்களுக்கு அவள் சொன்ன கணக்கில் அது ஐந்து.

நான் மறுக்கவில்லை. மறுத்தால் நல்லெண்ணெய்க் கதை இன்னும் நீளும்.