எந்தக் காலத்துக் கிணறு வேண்டும்?

மலையூர்ப் பெருமைக்காரர் என்றொரு இனம் உண்டு. காட்டில் தேடாதீர்கள், அகப்படாது. மலைக்கிராமத்தில் பஸ் நிற்கிற இடத்தில் நின்றுகொண்டு, இறங்குகிறவர்களின் செருப்பைப் பார்த்தே உள்ளூரா வெளியூரா என்று கண்டுபிடித்து, வெளியூர் என்றால் அவர் பெட்டியைக் கீழே வைப்பதற்குள் "இந்த ஊரோட வரலாறு தெரியுமா?" என்று வழிமறிக்குமே, அதுதான். தெரியும் என்று சொல்லிப் பாருங்கள். "தப்பாத் தெரிஞ்சிருக்கும்" என்று முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

எனக்குத் தெரிந்த ஒருவரை ஊரே 'வரலாறு' என்றுதான் கூப்பிடும். "வரலாறு வருது!" என்று யாராவது குரல் கொடுத்தால் தெரு காலியாகிவிடும். அவர் ஊரில் இருப்பது மூன்று கிணறு, ஒரு கல் பாலம், பாதி இடிந்த காவல் கோபுரம், மழை பெய்தால் மட்டும் விழுகிற அருவி. அவ்வளவுதான் சரக்கு. ஆனால் மனிதர் வாயைத் திறந்தால்? பாலத்தடியில் பாறையில் ஒரு குழி இருக்கிறது. அதில் ராஜா உட்கார்ந்தாராம். பக்கத்தில் சின்னக் குழி. அதில் ராஜாவின் மச்சான் உட்கார்ந்தாராம். எந்த ராஜா என்று கேட்டவர்கள் யாரும் அன்றைக்குக் கடைசி பஸ்ஸைப் பிடித்ததில்லை.

ஒருநாள் அவர் மனைவி அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் தங்கை வீட்டுக்குக் கிளம்பினார்.

"ஏங்க, பால் பொங்கினதும் அடுப்பை அணைச்சிடுங்க. இதையாவது செய்வீங்களா?"

"நான் என்ன சின்னப் பிள்ளையா?"

சின்னப் பிள்ளையாக இருந்திருந்தால் செய்திருக்கும். அந்த நேரம் பார்த்து வெளியூர்க்காரர் ஒருவர் முகமெல்லாம் வேர்க்க வாசலில் வந்து நின்றார்.

"சார், இங்க பாத்ரூம் எங்க இருக்கு?"

"சொல்றேன். அதுக்கு முன்னாடி இந்த வாசப்படிக் கல்லைப் பாருங்க."

விருந்தாளி ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றார். அதை வரலாற்று ஆர்வம் என்று எடுத்துக்கொண்டு, நம்மவர் அவரைக் கையோடு இழுத்துக்கொண்டு கோபுரத்தின் மேலேயே ஏறிவிட்டார். இங்கே பால் பொங்கி, வற்றி, பாத்திரம் கருகி, மேலே காயப்போட்ட துணி பற்றி, துணியிலிருந்து பரண் பற்றியது. கோபுரத்திலிருந்து புகை நன்றாகவே தெரிந்தது.

"அதோ பாருங்க புகை! அந்தக் காலத்துல எதிரி வந்தா இப்படித்தான் சேதி சொல்லுவாங்க."

"சார், அது உங்க வீடு மாதிரி இருக்கே?"

இருவரும் இறங்கி வருவதற்குள் யாரோ தகவல் சொல்லி, அடிவாரத்து ஊரிலிருந்து தீயணைப்பு வண்டி வளைவு வளைவாக முக்கி முனகி ஏறி வந்தது. அதிகாரி குதித்து இறங்கினார்.

"வண்டித் தண்ணி பத்தாது. கிணறு எங்க இருக்கு?"

"எந்தக் காலத்துக் கிணறு வேணும்?"

"தண்ணி இருக்கிற கிணறு வேணும்யா!"

"மூணுலயும் இருக்கு. ஆனா முதல் கிணத்தை வெட்டினப்ப ராஜாவோட மச்சான் உள்ள விழுந்துட்டார்."

அதிகாரி தலையில் அடித்துக்கொண்டார். குழாயைத் தோளில் போட்டிருந்த வீரர் ஒருவர் மட்டும் "அப்புறம்?" என்று கேட்டுத் தொலைத்தார். கேட்கலாமா? எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றியவர் அவர்தான். மச்சானைக் கிணற்றிலிருந்து மேலே தூக்குவதற்குள் சமையலறைக் கூரை சரிந்தது. தங்கை வீட்டிலிருந்து மூச்சிரைக்க ஓடிவந்த மனைவிதான் குழாயைப் பிடுங்கி, மூன்றில் ஒன்றான அவர்கள் வீட்டுக் கொல்லைப்புறக் கிணற்றுக்கே இழுத்துக்கொண்டு போனார். மற்ற அறைகள் பிழைத்தன. ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த பாத்திரங்கள் கரிக்கட்டையாகக் கிடந்ததைப் பார்த்து அந்த அம்மாள் வாய்விட்டு அழுததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

நம்மவர் திருந்தினாரா? நல்லாக் கேட்டீர்கள். அடுத்த வாரமே ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு சமையலறைக்கு வந்துவிட்டார்.

"பெரிய தீ எரிஞ்ச இடம் இதுதான். எதிரி கொளுத்தினது."

கூரையில்லாத சமையலறையில், இரவல் அடுப்பின் முன் நின்றிருந்த மனைவி திரும்பினார்.

"அந்த எதிரி இவர்தாங்க. பாலைப் பாத்துக்கச் சொல்லிட்டுப் போனேன்."

"கேட்டீங்களா? அப்ப நேர்ல பார்த்தவங்களே சொல்றாங்க!" என்றார் வரலாறு, பெருமையோடு. கூட்டம் அந்த அம்மாளைப் படம் பிடித்தது. அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கூட்டத்தில் கொஞ்சம் பொறுப்பாகத் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டார்.

"தம்பி, நான் தண்ணி எடுத்துட்டு வர்றேன். அடுப்புல பால் இருக்கு. நீங்க பாத்துக்கங்க. அவர்கிட்ட மட்டும் விட்டுடாதீங்க."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நீங்கள் மலையூர்க்காரர் இல்லை, உங்கள் ஊரில் ராஜாவும் உட்காரவில்லை, மச்சானும் விழவில்லை. போன வாரம் வெயிலில் வந்து "கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றவரிடம், ஃப்ரிட்ஜைத் தட்டித் தட்டிக் காட்டி, அதை வாங்கப்போன கதை, கடைக்காரரை வாயடைக்க வைத்த கதை, அதை மாடிக்கு ஏற்றிய கதை எல்லாம் சொன்னீர்கள் அல்லவா? நன்றாகத்தான் இருந்திருக்கும்.

தண்ணீர் கொடுத்தீர்களா?