தராசு ஏறினேன், விமானம் ஏறவில்லை

போகாத ஊருக்கு வழி சொல்கிறவனைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நான் ஏறாத விமானத்தைப் பற்றி எங்கள் காஜா பெராங் வட்டாரம் முழுக்கப் பீற்றிக்கொண்டவன்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம். அண்ணனுக்குப் பினாங்கில் கல்யாணம். வீட்டார் எல்லாரும் முன்னாலேயே போய்விட, கடையைப் பார்த்துக்கொள்ள நான் மட்டும் தங்கினேன். கல்யாணத்துக்கு முதல் நாள் தந்தி வந்தது. தவில் கிழிந்துவிட்டது, பெரிய முகூர்த்த நாளாகையால் அங்கே வேறு தவில் கிடைக்கவில்லை, நம் கோயில் தவிலோடு விமானத்தில் வா!

தவில் இல்லாமல் கெட்டிமேளம் ஏது, கெட்டிமேளம் இல்லாமல் தாலி ஏது? ஆனால் என் கவலை வேறு. மணப்பெண்ணின் தங்கை கமலமும் விமானத் திடலுக்கு வருவாளாம். நான் வானத்திலிருந்து இறங்குவதை அவள் பார்க்க வேண்டும். (ஆசை வெட்கம் அறியாது என்பார்கள். எடையும் அறியாது.)

பறக்கப் போகிறவன் பசியோடு போகலாமா என்று அன்று வீட்டுக்கு வீடு விருந்து. மறுக்கத் தெரியாத பிள்ளை நான்.

மறுநாள் விடிந்ததும் பத்து பெரெண்டாம் விமானத் திடலின் புல்தரையில் ஊரே கூடி எனக்கு மாலை போட்டது. விமானச் சக்கரத்தடியில் நான் எலுமிச்சம்பழம் வைத்தேன். வெள்ளைக்கார விமானி குனிந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். (தேநீருக்கு ஆகும் என்று நினைத்தானோ!)

அடுத்து அவன் காட்டியது ரப்பர் நிறுக்கும் தராசை. ஆளையும் நிறுப்பார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. தவிலைக் கட்டிக்கொண்டு ஏறினேன். முள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து, "தாக் போலே!" என்றான். முடியாதாம்.

காலணியைக் கழற்றினேன். கோட்டைக் கழற்றினேன்.

"சுப்பையா தம்பி, வேட்டிய விட்டுரு! பொம்பளைங்க நிக்கிறாங்க!" என்று கத்தினார் பக்கத்துக் கடை காதர் பாய்.

விமானி என்னையும் தவிலையும் மாறி மாறிச் சுட்டி, ஒரு விரலைக் காட்டினான்.

"பாய், நான் போயி வாயாலயே கொட்டிட்டா என்ன?"

"நீ வாயால கொட்டினதத்தான் ஊரே கேட்டுச்சே! இறங்குலா தம்பி. அங்க ஒரு பொண்ணு கழுத்துல தாலி ஏறணும்."

இறங்கினேன். என் இருக்கையில் தவிலை உட்காரவைத்து வார் கட்டினார்கள். என் மாலையை நானே அதற்குப் போட்டேன். என்னை வழியனுப்ப வந்த கூட்டம் தவிலுக்குக் கையசைத்தது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பதெல்லாம் சும்மா. அன்று இடி முழுவதும் எனக்குத்தான்.

ரயிலில் நான் போய்ச் சேர்ந்தபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பயணச்சீட்டு என் பெயரில் இருந்ததால், அங்கே "மிஸ்டர் சுப்பையா" என்று கூவி, தவிலை இறக்கிக் கமலத்தின் அப்பாவிடம் ஒப்படைத்தார்களாம். அன்றிலிருந்து அந்தத் தவிலுக்குச் சுப்பையா என்றே பெயர் நிலைத்துவிட்டது.

கமலம் பிறகு என்னைத்தான் கட்டிக்கொண்டாள். புருஷன் பெயரைப் பெண்கள் வாய்விட்டுச் சொல்லாத காலம் அது. அவளுக்கு மட்டும் அந்தத் தடையே இல்லை. தவிலின் பெயரைச் சொன்னால் யார் என்ன கேட்க முடியும்? நான் எங்காவது சற்று அளக்கத் தொடங்கினால் போதும், இன்றும் உள்ளேயிருந்து குரல் வரும்:

"நான் மொதல்ல பார்த்த சுப்பையா தங்கமானவரு. மாலையும் கழுத்துமா வந்து இறங்கினாரு. அடிச்சாத்தான் சத்தம் போடுவாரு!"