நாலு எலுமிச்சம்பழம் நசுங்கியும் நிற்காத கார்

இலுப்பூர்

அன்பு மாப்பிள்ளை சரவணக்குமார் அவர்களுக்கு,

மாமனார் ரத்தினவேல் ஆசியுடன் எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் சுகம், உங்கள் காரைத் தவிர. வாட்ஸ்அப்பில் போட்டால் அருணா பார்த்துவிடுவாள், எட்டாம் மாதத்தில் பயந்துவிடுவாள் என்று லீவு முடிந்து உங்கள் சிங்கப்பூருக்கே திரும்பும் நம் ஊர்ப் பையன் ஐயனார் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

திங்கட்கிழமை ரயில்வே கேட் இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடி நின்றேன் மாப்பிள்ளை, பெடல் என் காலோடு சேர்ந்து மெல்ல மெல்ல உள்ளே போகிறது, போய்த் தரையைத் தட்டிவிட்டது, வண்டி நகர்கிறது, முன்னால் மொபெட்டில் இருந்தவர் திரும்பி, "என்னண்ணே, தள்ளிவிடவா வந்தீங்க?" என்கிறார். ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்து வீடு வந்து சேர்ந்தேன்.

அதற்கு முதல் நாள்தான் எதிர்வீட்டு சுகுணா, "வண்டி என்னமா வழுக்கிக்கிட்டுப் போவுது!" என்று வாயை வைத்திருந்தாள். கண்ணேறுதான் என்று முடிவுகட்டி, பூசணிக்காய் சுற்றி உடைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை எடுத்தேன். நாலு பழமும் நசுங்கியது, வண்டி நிற்கவில்லை, நேராகச் சுகுணா வீட்டு வைக்கோல்போரில் போய்ச் செருகிக்கொண்டது. அவள் போட்ட சத்தம் நார்த்தாமலை வரைக்கும் கேட்டிருக்கும்.

மெக்கானிக் இன்னாசி வந்து குனிந்து பார்த்தார். "ஒழுகுற எடம் எங்கயும் இல்ல, பிரேக் ஆயிலும் கொறையல. இன்ஜினை ஓடவிட்டுப் பெடலை அமுக்கியே வச்சிருங்க, பாப்பம்" என்றார். அமுக்கினேன். மறுபடியும் இறங்கியது. "உள்ளுக்குள்ளயே விட்டுக்கிட்டிருக்கு. ஆயிலைத் தள்ளுற மாஸ்டர் சிலிண்டர்ல ரப்பர் தேஞ்சிருச்சு, மாத்தணும். திருஷ்டிக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கெடையாதுங்கய்யா, இதுக்கு இருக்கு" என்றார்.

பிள்ளைத்தாச்சியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகத்தான் காரை விட்டுப்போனீர்கள். அதை நான் ஓட்டிக் கெடுத்துவிட்டேனே என்று ரெண்டு நாளாய்ச் சோறு இறங்கவில்லை. இந்த மாமனை மன்னிக்க வேண்டும். அருணாவிடம் மூச்சு விடாதீர்கள். நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
ரத்தினவேல்

பின்குறிப்பு: கவரை ஒட்டுமுன் அருணா படித்துவிட்டாள். கொஞ்சமும் பதறவில்லை. "அது ரெண்டு மாசமாவே அப்புடித்தாம்ப்பா. டக்குடக்குன்னு ரெண்டு மிதி மிதிச்சா நிக்கும். அவருதான் சொல்லிக்குடுத்தாரு. அப்பாக்கிட்ட மட்டும் சொல்லாத, பயந்துருவாருன்னாரு. செக்கப்புக்கெல்லாம் நாந்தானே ஓட்டிக்கிட்டுப் போயிட்டு வாரேன்" என்கிறாள். அட பாவி மனுஷா! மன்னிப்பு, ஆசீர்வாதம் ரெண்டையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஊருக்கு வாருங்கள், பேசிக்கொள்வோம்.