நிழல் மறையாத நண்பகல்

மைக்செட்காரர் வீட்டில் பிறக்கும் பிள்ளைகளுக்கு ஒரு குறை உண்டு. அரைகுறையாகத் தெரிந்ததையும் சத்தமாகச் சொல்லிவிடுவோம். எனக்கு அந்தக் குறை ஒன்பதாம் வகுப்பில் நன்றாக முற்றியிருந்தது.

சுசீந்திரத்துக்குப் பக்கத்தில் அப்பா சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தார். கல்யாணம், கோயில் கொடை, சர்ச் ஆண்டுவிழா எதுவானாலும் அவருடைய குழாய்தான் ஊரை எழுப்பும். ("ஹலோ, மைக் டெஸ்டிங்" என்பதுதான் நான் பேசிய முதல் வார்த்தை என்று அம்மா சொல்வாள். நம்ப வேண்டாம். அம்மாவுக்கும் அந்தக் குறை உண்டு.)

அந்த வருடம் எங்களுக்கு அறிவியல் எடுக்க வந்த செல்வி டீச்சருக்கு வானவியல் என்றால் பைத்தியம். மூன்று வகுப்பில் முடிக்க வேண்டிய அண்டம் பாடத்தை மூன்று வாரம் நடத்தினார். அந்த மூன்று வாரத்தில் நான் விண்வெளிக்குப் போவதாக முடிவு செய்து, வகுப்பிலும் வீட்டிலும் அறிவித்தும் விட்டேன். வீட்டில் அறிவித்தது மைக்கில்.

ஒரு நாள் டீச்சர் சொன்னார். நம் ஊருக்கு நேர் உச்சியில் சூரியன் வருவது வருடத்தில் இரண்டே இரண்டு நாள். அன்று நண்பகலில், செங்குத்தாக நிற்கும் எந்தப் பொருளுக்கும் பக்கத்தில் நிழல் விழாது. இது தில்லியில் நடக்கவே நடக்காது. நமக்கு ஏப்ரலில் ஒன்று, அதுவும் அடுத்த வாரம்.

தில்லிக்குக் கிடைக்காத ஒன்று எங்கள் பள்ளி மைதானத்துக்குக் கிடைக்கிறது என்றதும் தலைமையாசிரியை அதை விழாவாகவே ஆக்கிவிட்டார். சிறப்பு விருந்தினர் ரைஸ்மில் அண்ணாச்சி. பள்ளிக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டிக் கொடுத்தவர். அவரிடம் ஒரு தொலைநோக்கியும் கேட்டிருந்தார்கள்.

"மொதல்ல நிழலு போகட்டும், பொறவு கொழல வாங்கித் தாறேன்" என்று அண்ணாச்சி சொல்லியிருந்தார்.

வரவேற்புரையும் நேர அறிவிப்பும் என் பொறுப்பு. அதோடு டீச்சர் எனக்கு ஒரு வேலையும் கொடுத்தார்.

"மக்ளே, முந்தின ரெண்டு நாளும் வீட்டு முற்றத்துல ஒரு கம்ப நட்டு வையி. நிழலு எப்ப ரொம்பக் குட்டையா வருகுன்னு மணி பாத்து எழுதிட்டு வா."

"நண்பகல்னா பன்னெண்டு மணிதான டீச்சர்?"

"எதுக்கும் பாத்துட்டு வா."

இரண்டு நாள் கழித்து, "பாத்தாச்சு டீச்சர், பன்னெண்டுதான்" என்றேன். (பார்க்கவே இல்லை. அந்த இரண்டு நாளும் நான் கண்ணாடி முன்னால் நின்று, "அண்டத்தின் அற்புதங்களைக் காண வந்திருக்கும்" என்று தொடங்கும் உரையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.)

அன்று காலையிலேயே அப்பா ஆம்ப்ளிஃபயரோடு வந்துவிட்டார். மைதானத்தின் நடுவில் எட்டடி இரும்புக் குழாயை நட்டு, கொத்தனாரிடம் இரவல் வாங்கிய தூக்குக்குண்டைப் பிடித்துச் செங்குத்தா என்று நான்கு பக்கமும் சரிபார்த்தார். மகள் நிகழ்ச்சியில் கோணல் இருக்கக்கூடாதாம்.

பன்னிரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மைக் என் கைக்கு வந்தது. வெயிலில் பள்ளி முழுவதும் வட்டமாக நின்றது. அண்ணாச்சி தலையில் கைக்குட்டையை விரித்திருந்தார். நான் பத்திலிருந்து இறங்கி எண்ணினேன். கூட்டமும் சேர்ந்து எண்ணியது. "ஒன்று, சுழியம்" என்று முடித்தேன்.

குழாயின் நிழல் மேற்கே ஒரு சாண் நீளத்துக்குப் படுத்துக் கிடந்தது.

"நிழல் இப்போது மறைந்துகொண்டிருக்கிறது" என்றேன். மாப்பிள்ளை இன்னும் வீட்டை விட்டே கிளம்பாதபோது, "வந்துகொண்டிருக்கிறார்" என்று அப்பா அறிவிக்கும் அதே குரலில். மறுபடியும் பத்திலிருந்து எண்ணினேன். மூன்றாவது முறை தாராளமாக இருபதிலிருந்து தொடங்கினேன்.

முன்வரிசையில் நின்ற ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "அக்கா, நிழலு அங்கதான கெடக்கு" என்றாள். அப்பாவின் மைக் நல்ல மைக். அதையும் வாங்கி ஊருக்கே சொன்னது.

பத்து நிமிடம் பொறுத்த அண்ணாச்சி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எழுந்தார். "டீச்சர், எனக்கு ஒரு கல்யாணப் பந்தி இருக்கு. நிழலு போச்சுன்னா சொல்லி அனுப்புங்க." தலைமையாசிரியை பிள்ளைகளைச் சாப்பாட்டுக்கு அனுப்பிவிட்டார்.

செல்வி டீச்சர் என்னிடம் வந்து தணிந்த குரலில் கேட்டார். "கம்பு நட்டியா, நடலியா?"

"நடல டீச்சர்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அண்ணாச்சியைச் சமாதானப்படுத்த வாசல் பக்கம் வேகமாகப் போனார். நான் மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து, விண்வெளிக்குப் போகும் திட்டத்தைக் கைவிட்டு அழுதேன்.

அப்பா வயரைச் சுருட்டிக்கொண்டே குழாய்ப் பக்கம் போனார். குனிந்து பார்த்தார். சுற்றி வந்து பார்த்தார். பிறகு ஓடிப்போய் மைக்கை எடுத்தார்.

"செல்வி டீச்சர் எங்கிருந்தாலும் உடனடியாக மைதானத்துக்கு வரவும். நிழலு போயாச்சு. திரும்பவும் சொல்கிறோம், நிழலு போயாச்சு."

டீச்சர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். அண்ணாச்சியின் கார் போய்விட்டிருந்தது. சத்துணவு அக்கா கரண்டியோடு வந்துவிட்டார். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனேன். நாங்கள் நான்கு பேர் குழாயைச் சுற்றி நின்றோம். நிழலே இல்லை. மண்ணில் சும்மா செருகி வைத்த படம் மாதிரி நின்றது குழாய். அப்பா தன் காலடியைப் பார்த்துவிட்டு ஒரு சுற்று சுற்றினார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. இரண்டு நிமிடத்தில் நிழல் கிழக்குப் பக்கமாகத் தலைகாட்டத் தொடங்கியது.

டீச்சரின் கடிகாரத்தில் பன்னிரண்டு இருபத்தொன்று.

"ஏட்டி, சமூக அறிவியல்ல தீர்க்கரேகை படிச்சியா இல்லியா?"

படித்திருந்தேன். நாடு முழுவதற்குமான கடிகார நேரம் அலகாபாத் பக்கம் போகும் கோட்டின் நேரம். நாங்கள் அதற்கு ஐந்து பாகை மேற்கே இருக்கிறோம். ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். எங்கள் ஊர் உச்சிக்கு வர சூரியனுக்கு இருபது நிமிடத்துக்கு மேல் கூடுதலாக வேண்டும். பரீட்சையில் ஐந்து மதிப்பெண் கேள்வி, படம் வரைந்து முழு மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். ஆனால் அது சமூக அறிவியல் நோட்டில் இருந்தது, சூரியன் அறிவியல் நோட்டில் இருந்தது. இரண்டையும் ஒரே பையில் சுமந்தேனே தவிர, ஒன்றுக்கு இன்னொன்றை அறிமுகம் செய்து வைக்கவில்லை.

மறுநாள் டீச்சர் என்னை மில்லுக்கு அழைத்துப் போனார். நான் படம் போட்டு எல்லாவற்றையும் விளக்கினேன், கம்பு நடாததையும் சேர்த்து. அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப சூரியன் சரியான நேரத்துக்குத்தான் வந்திருக்கு. நீங்கதான் முந்திட்டிய."

அடுத்த வாரம் பள்ளிக்கு அவரிடமிருந்து ஒரு பெட்டி வந்தது. தலைமையாசிரியை ஆசையாகப் பிரித்தார். உள்ளே மில்லின் பெயர் போட்ட பெரிய சுவர்க் கடிகாரம்.

நான் விண்வெளிக்குப் போகவில்லை. நாகர்கோவிலில் ஒரு அலுவலகத்துக்குப் போகிறேன். என் கல்யாணத்தில் அப்பா வேறு யாரையும் மைக்கைத் தொடவிடவில்லை. மண்டபம் நிரம்பியதும் அறிவித்தார். "முகூர்த்தம் பத்தேகாலுக்கு. நேரம் குறிச்சது ஜோசியர், எம் மக இல்ல. எல்லாரும் தைரியமா உக்காருங்க." முதல் வரிசையில் செல்வி டீச்சர் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பக்கத்தில் இருந்த மாப்பிள்ளை, "என்ன விஷயம்?" என்றார். பிறகு சொல்கிறேன் என்றேன். பந்தி முடிவதற்குள் அப்பாவே சொல்லிவிட்டார்.

இப்போது பத்து நிமிடத்தில் கிளம்பிவிடலாம் என்று நான் சொன்னால், என் வீட்டுக்காரர் சட்டைப் பொத்தானைப் போடாமலேயே கேட்கிறார். "இது நீ குறிச்ச நேரமா, ஜோசியர் குறிச்ச நேரமா?"