ஒன்றேகால் நிமிடப் பயணம்

"நாலு நிமிஷம் பத்து செகண்டு," என்று கடிகாரத்தை நிறுத்தினாள் தோரா. "விமானம் ரெண்டு நிமிஷத்துல இறங்கிடும், அண்ணா. மீதியை யாருகிட்ட சொல்லப்போற? ஆடுங்ககிட்டயா?"

எர்லெண்ட் தான் எழுதி வாசித்துக்காட்டிய தாளை வருத்தத்தோடு பார்த்தான். ஆர்க்னித் தீவுகளில் வெஸ்ட்ரே விமானத் திடலுக்கும் பாப்பா வெஸ்ட்ரே திடலுக்கும் இடையே மூன்று கிலோமீட்டர்கூட இல்லை. கொதிகலன் பழுதுபார்க்கும் அவனும் செவிலியரான இங்காவும் செவ்வாய்தோறும் அந்தத் தூரத்தைச் சேர்ந்தே கடந்தார்கள். வெஸ்ட்ரே திடலில் அங்கே தீயணைப்பாளரான அவளுடைய அப்பா உடுப்போடு நிற்பார். அக்கரைத் திடலில் பாதித் தீவு இருமியபடி அவளுக்காகக் காத்திருக்கும். ஆகவே, தனிமை என்பது அவனுக்கு ஆகாயத்தில் மட்டுமே சாத்தியமாயிற்று. கடல் கடந்த அபர்டீன் மருத்துவமனை வேலைக்கு இங்கா வெள்ளிக்கிழமைக்குள் பதில் எழுத வேண்டும். கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்க இன்றைய நாளை விட்டால் வேறு நாளில்லை.

"செத்துப்போன நம்ம பசுவைப் பத்தி எதுக்கு ஒரு பக்கம்?"

"அப்ப அவதான் ஆறுதல் சொன்னா."

"வெட்டு."

பசு போயிற்று. அம்மாவின் மோதிர வரலாறும் போயிற்று. ஒன்றரை நிமிடம் எஞ்சியது. இழந்த சொற்களுக்கு ஈடாக இருக்கட்டும் என்று ஒரு பெரிய பாலாடைக்கட்டி உருளையைத் தூக்கிக்கொண்டான்.

எட்டு இருக்கைகளே உள்ள விமானத்தில் யார் எங்கே அமர்வது என்பதை எடையே தீர்மானிக்கும். விமானி சாண்டி பட்டியலோடு நின்றார்.

"தொண்ணூறு கிலோ," என்றான் எர்லெண்ட்.

"கையில இருக்குறதையும் சேத்துச் சொல்லு, தம்பி."

"நூத்திநாலு."

"அப்ப கடைசி இருக்கை. இங்கா, நீ முன்னாடி என் பக்கத்துல வா."

பதறிய எர்லெண்ட் எடையைக் குறைக்க உருளையை இங்காவின் அப்பாவிடம் நீட்டினான்.

"எனக்கா? ஏம்ப்பா, எதுக்கு?" என்று நெகிழ்ந்துபோன அவர், அவன் கையை விடாமல் குலுக்கியபடி நன்றி சொல்லத் தொடங்கினார். கை விடுபட்டபோது முன்பக்கக் கதவு சாத்தப்பட்டிருந்தது.

"என்ன எர்லெண்ட், புதுக் கோட்டு? கல்யாணத்துக்கா போற?" முன்னிருந்து திரும்பிக் கேட்டாள் இங்கா.

"இல்ல. கொதிகலன்."

"இன்னிக்குப் பின்காத்து!" என்று சாண்டி உற்சாகமாக அறிவித்தார். "ஒண்ணேகால் நிமிஷத்துல இறங்கிடலாம்."

எர்லெண்ட் மனத்துக்குள் மேலும் நான்கு வாக்கியங்களை நீக்கினான். விமானம் எழும்பியது. இரண்டு இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேலே குரலை உயர்த்தினான்.

"இங்கா! நான் உன்கிட்ட..."

"என்ன?"

"நான் உன்கிட்ட...!"

சக்கரங்கள் தரையைத் தொட்டன.

இறங்கியதும் அவள் சற்றே தயங்கினாள். "ஏதோ சொல்ல வந்தியே?"

வேலியோரம் இருமல்கள் சட்டென்று நின்றன. முப்பது காதுகள் கூர்மையடைந்தன.

"உங்க ஆஸ்பத்திரிக் கொதிகலன்... எப்படி இருக்கு?"

"அதுக்கென்ன. அது நல்லாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டு அவள் நடக்கத் தொடங்கினாள்.

எர்லெண்ட் விமானத்தின்மேல் சாய்ந்துகொண்டான். "கேப்டன், சாயங்காலம் திரும்பிப் போறப்பவாவது கொஞ்சம் மெதுவா ஓட்டக் கூடாதா?"

சாண்டி ஹெட்போனைக் கழற்றினார். "தம்பி, இதைக் கேக்குற ரெண்டாவது ஆளு நீ. ஒரு வருஷமா ஒவ்வொரு செவ்வாயும் கேட்டுக்கிட்டிருக்கிற முதல் ஆளு, அதோ, திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போறா."