நம் குடும்ப நடை

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்குத் தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு எல்லோரும் நலம், என் மானத்தைத் தவிர. இத்தனை வருடக் கோபத்தை நீங்களாகவே விட்டுவிட்டு என்னைப் பார்க்க வந்தீர்கள் என்பதும், எங்கள் அடுக்குமாடிக் காவலாளி உங்களைக் கேட்டிலேயே திருப்பி அனுப்பினார் என்பதும் நேற்றுதான் தெரிந்தது. அவர் மேல் தப்பில்லை. அவரைத் தயார் செய்தவன் நான்.

எல்லாம் நம் சித்தப்பா மகனால் வந்தது. "பெரியண்ணன் அனுப்பினார்" என்று உங்கள் பெயரைச் சொன்னால் என் மனைவி கதவைத் திறந்துவிடுவாள் என்பதைக் கண்டுபிடித்துக்கொண்டு, அடிக்கடி வந்து, என் பிரிண்டரில், என் தாளில், என் மையில் தன் தைல விளம்பரத்தைக் கட்டுக்கட்டாக அடித்துக்கொண்டு போவான். தடுப்பூசி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் என் மகள், "வைரஸும் இதேதான்ப்பா பண்ணும். நம்ம உடம்புச் செல்லுக்குத் தெரிஞ்ச சாவியைக் காட்டி நுழையும், செல்லோட சாமானை வச்சே தன்னைப் பிரதி எடுக்கும்" என்றாள். தடுப்பூசி என்ன செய்யும் என்றேன். "ஆளைக் கூட்டிட்டு வராம, அடையாளத்தை மட்டும் முன்னாடியே காவலுக்குக் காட்டி வைக்கும்" என்றாள். அவ்வளவுதான், எனக்குள் விஞ்ஞானி விழித்துக்கொண்டான். சித்தப்பா மகன் மீசையோடு இருக்கும் போட்டோவைக் காவலாளியிடம் கொடுத்தேன். படுபாவி மீசையை எடுத்துவிட்டு வந்தான். மகளிடம் புலம்பினால், "வைரஸும் வேஷம் மாத்தும்ப்பா. அதான் இப்ப மாறவே மாறாத பாகமாப் பார்த்துத் தடுப்பூசி செய்யப் பார்க்கிறோம்" என்கிறாள். அவனிடம் மாறாதது எது? வலது காலை வெளியே வீசிப்போடும் அந்த நடை. அதைக் காவலாளிக்கு நானே நடந்து காட்டி, போன் போட்டுக் கேட்கக்கூட வேண்டாம், திருப்பி அனுப்பு என்று பாடம் எடுத்தேன்.

அது நம் வம்ச நடை என்பது என் மண்டையில் உறைக்கவில்லை, அண்ணா. "அந்த மாறாத பாகம் நம்ம உடம்போட சொந்தச் சரக்கு மாதிரி இருக்கான்னு முதல்ல பார்ப்போம்ப்பா. இல்லேன்னா காவலே வீட்டாளை அடிச்சிரும்" என்று மகள் இப்போது சொல்கிறாள். முன்பே சொல்லித் தொலைத்திருக்கலாம். நீங்கள் வெயிலில் நின்று, "நான் அவன் கூடப்பொறந்தவன்யா" என்றீர்களாம். "எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்றாராம் அவர். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வரமாட்டீர்களா என்று ஏங்கிக் கிடந்தவன், வந்த அன்று உங்களைத் துரத்தியிருக்கிறேன். மன்னித்துவிடுங்கள். காவலாளியிடம் எல்லாவற்றையும் மறக்கச் சொல்லிவிட்டேன். இன்னொரு முறை வாருங்கள். யாரும் தடுக்க மாட்டார்கள்.

அண்ணிக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் கால் வாய்த்த தம்பி

பி.கு.: இதைப் போடக் கவர் வாங்கிவிட்டுத் திரும்பினால், பணி மாறிப் புதுக் காவலாளி நிற்கிறார். பழையவர் என் பாடத்தை இவருக்கு அப்படியே ஒப்பித்திருக்கிறார். மறக்கச் சொன்னதை மட்டும் மறந்துவிட்டார். வீட்டுக்குச் சொல்லலாமென்றால் என் போன் மேலே வீட்டில். சித்தப்பா மகன் சற்றுமுன் யாருடைய காரிலோ உட்கார்ந்தபடி உள்ளே போனான், எனக்குக் கையசைத்தான். ஆகவே, வந்தால் வண்டியில் வாருங்கள். நடந்தே வந்தாலும் பரவாயில்லை அண்ணா, கேட்டுக்கு வெளியே என் பக்கத்தில் இன்னொரு நாற்காலி காலியாக இருக்கிறது. பேசுவதற்கு அது போதும்.